எழுநூறு எம்.பி.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு.
நீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை,
சாமி இல்லாத கோயில் என்று.
சாமி திரும்பி வந்து வருஷங்கள் ஆயிற்று.
மற்றதெல்லாம் அப்படியே.
என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன்:
டிரைவர் இல்லாத சவுண்ட் கார்டு.

இருக்கும். கழற்றிப் பார்த்தால் பளபளக்கும்.
வாய்தான் திறக்காது.
மஞ்சள் ஆச்சரியக்குறி ஒன்றை மாட்டிக்கொண்டு
தலைதீபாவளிக்கு மோதிரம் போடாத மாப்பிள்ளையாய்
உம்மென்று உட்கார்ந்திருக்கும்.

குடியாத்தம் தீப்பெட்டி ஆபீசில் முதலாளி சொன்னார்:
"டிரைவர்தானே இல்ல?
நம்ம தேசிங்க அனுப்பறேன், லாரியே ஓட்டுவான்."
நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பில்லில் குறைப்பார்.
நெட்டில் இறக்கலாமே என்றான் மகன்.
நெட் வர லேன் கார்டு பேச வேண்டும்,
லேன் கார்டு பேச நெட்டிலிருந்து இறக்க வேண்டும்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.
எட்டு எம்.பி. கோப்புக்காகக்
காட்பாடிக்கு ஸ்கூட்டியில் வந்து
மறுபடி குடியாத்தம் போனேன்.
சித்திரை வெயில்.
ஹேண்டில்பாரைத் தொட முடியவில்லை.

அன்று ராத்திரியே தொடங்கிவிட்டேன்.
மதர்போர்டு டப்பாவோடு தூக்கி எறிந்த தட்டுகள்,
மேஜை இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் கிடந்தவை,
வாலாஜாவில் ஒருவர்
வடகத்துக்கு வரும் காக்காயை விரட்ட
மொட்டைமாடியில் கட்டியிருந்த ஒன்று.
அதைக் கெஞ்சி வாங்கினேன்.
பற்பசை தேய்த்துக் கீறலை ஆற்றினேன்.
உள்ளே ஒரு மோடம், உயிரோடு.

ஒரு தட்டு என்பது எழுநூறு எம்.பி.
என்னிடம் ஆயிரத்து நூறு.
ஒவ்வொரு டிரைவரோடும்
பதினெட்டு பாஷையில் உதவிக் குறிப்பு வரும்.
பதினெட்டையும் பொறுமையாகப் பார்த்தேன்.
தமிழ் இல்லை.
பதினெட்டையும் அழித்தேன்,
கை நடுங்கவில்லை.

முதல் தட்டு தொண்ணூற்று நாலு சதவீதத்தில் போயிற்று.
எங்கள் தெருவில் கரண்ட் போவதற்கு நேரம் உண்டு,
வருவதற்குத்தான் கிடையாது.
இரண்டாவதும் போயிற்று.
மூன்றாவது, கேட்காதீர்கள்.
மூன்றின் மேலும் இன்று டீ கிளாஸ் நிற்கிறது.
நாலாவதை மாவுமில்லுக்குப் பக்கத்தில்,
ஜெனரேட்டர் வைத்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து எரித்தேன்.
மார்க்கரால் எழுதினேன்:
கோமளா, எல்லா டிரைவரும்.

"எல்லா" என்பது பொய்.
பேர்ணாம்பட்டில் ஒரு பில் பிரிண்டர் இருந்தது.
செய்த கம்பெனியே மூடிவிட்டது.
அதற்கு மட்டும் கிடைக்கவில்லை.
மூன்று மாதமாகக் கடைக்காரர்
கையால் பில் எழுதினார்,
என் நம்பரைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டு.

ஒரு நகல் கேட்டவருக்குக் கொடுத்தேன்.
ஒன்று கேட்காமலே போயிற்று.

ஐப்பசியில் ஆம்பூர்.
ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸ் அறை, தோல் வாசனை.
எனக்கு முன்பே ஒரு பையன், அத்தீக்,
ஒரு தட்டைச் சொருகிக்கொண்டிருந்தான்.
மேலே நீல மையில் அவன் பேர்.
திறந்தால்
சவுண்ட் என்கிற போல்டரின் இங்கிலீஷ் எழுத்தில்
ஓவும் யூவும் இடம் மாறியிருந்தன.

அந்தத் தப்பு என்னுடையது.
விடியற்காலை மூணு மணிக்குச் செய்தது.
எத்தனை கை மாறியதோ,
ஒருவருக்கும் திருத்தத் தோன்றவில்லை.

"எங்க வாங்கினே?"
"வாணியம்பாடில. முப்பது ரூபா. எல்லாம் இருக்குக்கா."
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
அது வருவதற்குள்
கண் கீழே இறங்கிவிட்டது.
நான் போடாத ஒரு போல்டர்.
யார் போட்டார்களோ, பேரில்லை.
உள்ளே அந்தப் பில் பிரிண்டர்,
நாலே எம்.பி.

"தம்பி," என்றேன்,
"இத ஒரு காப்பி போட்டுக் குடேன்."
"முப்பது ரூபாக்கா."
கொடுத்தேன்.

பேர்ணாம்பட்டில் சாயங்காலம்
பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு
நீளமாய் ஒரு வெள்ளைத்தாளைத் துப்பியது.
அதில் ஒன்றுமே அச்சாகவில்லை.
ரிப்பன் காய்ந்திருந்தது.
கடைக்காரர் அதைக் கிழித்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.